காத்தக்கா தன் மீன்களோடு பறந்த கதை

அப்பா அம்மா அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பண்ணையில் இருபத்து மூன்று வருஷமாகப் பைகளில் ஆக்சிஜன் நிரப்பிக் கட்டுகிறவள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே யாரோ காத்தக்கா என்றார்கள். ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்காரர்கூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

கட்டும் கொட்டகை என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஒரு இடம். நடுவில் ஸ்டீல் மேஜை, மேலேயிருந்து தொங்கும் ரப்பர் குழாய், சுவரோரம் தெர்மாகோல் பெட்டிகள் கூரை வரைக்கும். தரை எப்போதும் ஈரம். பைக்குள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் நாற்பது குட்டி மீன்கள். மீதி இடத்துக்குள் குழாயை விட்டு ஆக்சிஜனைத் திறந்து, பை விம்மியதும் வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றுவாள். ஒரு பைக்குப் பதினோரு நொடி. அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் கெடாமல் இருக்கும். சண்டைக்கார மீன்களுக்குத் தனித்தனிப் பை, நடுவில் பழைய செய்தித்தாள். ஒன்று மற்றொன்றைப் பார்த்துவிட்டால் பைக்குள் இருந்தபடியே முறைத்து முறைத்துக் களைத்துப்போகும்.

"நம்ம வீட்டுலயும் நடுவுல ஒரு பேப்பர் வெச்சா நல்லாத்தான் இருக்கும்" என்பாள் பக்கத்தில் பெட்டிக்கு டேப் ஒட்டும் பெண்.

"எங்க வீட்டுல இருக்கே. காலைல எழுந்ததும் அவரே விரிச்சு முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கறார்" என்பாள் காத்தக்கா.

கட்டி முடித்த பையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். சத்தத்தைக் கேட்டே, இது இருபது மணி நேரம் தாங்கும், இது பத்தொன்பதுதான் என்று சொல்லிவிடுவாள். கொட்டகையில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கத் தேவையும் இருந்ததில்லை. மறுநாள் காலையில் வரும் போன் ஒன்று போதும்.

அந்தப் போன் மீன்கள் போய் இறங்கும் ஊரிலிருந்து வரும். அங்கே பெட்டிகளை எடுத்துக்கொள்ளும் கிடங்குக்காரர் பதினோரு வருஷமாக அவளோடு பேசுகிறார். பேச்சு எப்போதும் ஒரு எண்ணில் ஆரம்பிக்கும். செத்துப்போன மீன்களின் எண்ணிக்கை அது.

"அக்கா, ஒம்பது."

"ஒம்பதா? எந்தப் பெட்டி, தம்பி?"

"பரவலாத்தான். பயப்படாதீங்க, நல்லா வந்திருக்கு."

பத்தாயிரம் மீனில் ஒன்பது. அன்றைக்குப் பூராவும் அவள் முகத்தில் வெளிச்சம் இருக்கும். ஒரு தடவைகூட இருவரும் நேரில் பார்த்ததில்லை. மெல்லிய குரல், அவசரப் பேச்சு. இருபத்தைந்து வயசு இருக்கும், ஒல்லியாக இருப்பான் என்று முதல் நாளே தீர்மானித்துத் தம்பி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நேர் விமானம் வந்தது. அதுவரை பெட்டிகள் நடுவில் ஒரு ஊரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறிப் போகும். கட்டுவதிலிருந்து பிரிப்பது வரை பத்தொன்பது மணி நேரம். இப்போது இங்கே ஏறினால் அங்கேதான் இறக்கம். பண்ணையின் கணக்கு வழக்கையெல்லாம் பார்ப்பது முதலாளியின் மருமகள். படித்த பெண், சுறுசுறுப்பானவள். எல்லாரும் மேடம் என்று கூப்பிடுவார்கள். கையில் ஒரு தாளோடு கொட்டகைக்கு வந்தாள்.

"அக்கா, மூவாயிரத்து இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். நாலு மணி முப்பத்தஞ்சு நிமிஷத்துல போயிடுது. இனிமே இவ்ளோ காத்து எதுக்கு? பத்து மணி நேரத்துக்குக் கட்டினா தாராளம். ஒரு பைக்கு அம்பத்தஞ்சு மீன் போடலாம்."

வேன் டிரைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாலரை எங்க மேடம்? ஒண்ணு பத்துக்குக் கிளம்பி மூணே முக்காலுக்குப் போய்ச் சேருதுன்னு போர்டுலயே போட்டிருக்கான். ரெண்டரை மணி நேரம்தான்."

"அது அந்த ஊர் மணி. அவங்க நமக்கு ரெண்டு மணி நேரம் பின்னால."

"அப்ப ரெண்டு மணி நேரம் மிச்சம்தானே" என்றார் டிரைவர், விட்டுக்கொடுக்காமல்.

காத்தக்கா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், மீனுக்குக் கடிகாரம் தெரியாது. பிளேன் எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னும் தெரியாது. நான் ரப்பர் பேண்ட் போட்ட நேரத்துலேந்து அங்க ரப்பர் பேண்ட் எடுக்கற நேரம் வரைக்கும் எவ்ளோன்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்ல கட்டறேன்."

மருமகள் யோசித்தாள். "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு. பத்துக்கு மேல போகாதுக்கா."

மேடமே சொல்லும்போது என்ன செய்வது. ஐம்பத்தைந்து வீதம் போட்டுக் கட்டினாள். மறுநாள் காலையில் போன் வந்தது. தம்பி வழக்கம்போல எண்ணைச் சொல்லவில்லை. "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க தம்பி."

"நானூத்திப் பன்னெண்டு."

அன்று அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மருமகள் வந்து எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல பெண், பழியை யார் தலையிலும் போடவில்லை.

"என் கணக்குதான் எங்கேயோ உதைக்குது. ஆனா எங்கன்னு இங்க உக்காந்துக்கிட்டு எனக்குத் தெரியல. தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்களே ஒரு தடவை பெட்டியோட போய்ப் பாத்துட்டு வாங்க."

"வேன்லயா?"

"பிளேன்ல."

காத்தக்கா சிரித்தாள். மருமகள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

அடுத்த ஐந்து வாரம் வீடே அல்லோலகல்லோலம்தான். வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு கிலோமீட்டர் வழித்தடத்தில் ஒரு நாளைக்கு எட்டு நடை. இரவுச் சாப்பாட்டின்போது கணக்குப் போட்டுச் சொன்னார்: "மூவாயிரத்து இருநூத்தி நாப்பது கிலோமீட்டர்னா எனக்கு இருபத்தி ரெண்டரை நாள் டியூட்டி. அதை நீ நாலரை மணி நேரத்துல முடிச்சுட்டு வந்து நிப்பியா?"

"உங்களை மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்க வேண்டாமே."

"வழியில யாராவது கை காட்டினா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டதிலிருந்து பெட்டி வாங்கியது வரை எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, அப்பாவின் இடுப்புப் பெல்ட்டால் சீட் பெல்ட் போடப் பழக்கினாள். அப்பா அன்று காலை லுங்கியோடு பெல்ட்டைத் தேடி வீடு முழுக்க அலைந்தார்.

புறப்படும் நாள் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல, காத்தக்காவே கட்டினாள். இந்த முறை பழைய அளவு: பைக்கு நாற்பது. அறுபது பெட்டி, ஒன்பதாயிரத்து அறுநூறு மீன். ஏழு மணிக்கு வேன் கிளம்பியது. பயணிகள் பத்து மணிக்குப் போனால் போதும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், பெட்டிகளோடுதான் போவேன் என்று அடம்பிடித்து வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு விமான நிலையத்தின் சரக்கு வாசல் வந்தது. டிரைவர் வண்டியை ஒரு தகரக் கூரைக்கு அடியில் ஒதுக்கி, இஞ்சினை நிறுத்தி, இறங்கி நெட்டி முறித்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உள்ள கொடுக்க வேண்டாமா?"

"கவுன்டர் பத்தேகாலுக்குத்தான் திறப்பாங்கக்கா. பிளேனுக்கு மூணு மணி நேரம் முன்னாடிதான் சரக்கு வாங்குவாங்க."

"அப்போ எட்டு மணிக்கே வந்து என்ன பண்றது?"

"டீ குடிக்கறதுதான்."

"அது சரி, நாம ஏன் ஏழு மணிக்குக் கிளம்பறோம்?"

டிரைவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "எப்பவும் ஏழு மணிக்குத்தானேக்கா கிளம்புவோம். பழைய பிளேன் பதினோரு மணிக்கு. அதுக்கு ஏழு மணிக்குக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

விமானம் மாறி இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. வேன் மாறவில்லை. வேன் மாறாததால் அவளுடைய ஐந்து மணியும் மாறவில்லை. அந்தப் பக்கம் போய் யாரிடமாவது சண்டை போட வேண்டியிருக்கும் என்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இப்போது அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினாள்: ஐந்து மணி கட்டு. எட்டு முதல் பத்தேகால் வரை டீ. எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. டிரைவரிடம் காட்டினாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு. அன்றைய டீயை அவர் பாதியில் வைத்துவிட்டு, பெட்டிகளின் மேல் வெயில் படாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. பெல்ட்டை ஒரே முயற்சியில் மாட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் டை கட்டிய ஒருவர், நாற்பது வயசு இருக்கும், கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். சக்கரம் தரையை விட்டதும் காத்தக்காவுக்கு வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடியது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தெருக்கள் நூலாகி, ஏரிகள் சில்லறைக் காசாகி, பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. முன்னால் இருந்த சின்னத் திரையில் ஆசியாவின் வரைபடம் தெரிந்தது. அதன் மேல் ஒரு பொம்மை விமானம் எறும்பு மாதிரி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே, இன்னும் போகவேண்டிய தூரம் குறைந்துகொண்டே வந்தது: 2,860. 2,710.

ஒரு இடத்தில் விமானம் நன்றாகக் குலுங்கியது. டை கட்டியவர் கைப்பிடியென்று நினைத்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல சார். குலுங்கறது நல்லதுதான்."

"நல்லதா?"

"குலுங்கினாத்தானே காத்து தண்ணியோட நல்லாக் கலக்கும். அசையாம ஒரே இடத்துல நின்னாத்தான் மூச்சு முட்டும்."

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "எந்தத் தண்ணி?"

"கீழ இருக்கு சார். நம்ம காலுக்கு நேர் கீழ. ஒம்பதாயிரத்து அறுநூறு மீன் வருது, என்னோடது."

அவர் இரண்டு கண்ணையும் திறந்தார். குனிந்து தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார். பிறகு இறங்கும்வரை கேள்வி மேல் கேள்வி. மீன் தூங்குமா, காது அடைக்குமா, பயப்படுமா. காத்தக்கா பையையும் பட்டினியையும் செய்தித்தாளையும் விளக்கிச் சொன்னாள். இறங்கும்போது அவர், "இனிமே குலுங்கினா உங்க ஞாபகம்தான் வரும்" என்றார். திரையில் தூரம் பூஜ்யம் ஆனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்: கிளம்பி நாலு மணி நேரம் முப்பத்தேழு நிமிஷம். மருமகளின் தாளில் இரண்டு நிமிஷம்தான் தப்பு.

வெளியே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'காத்தக்கா' என்று எழுதிப் பிடித்தபடி ஒருவர் நின்றார். அவரைத் தாண்டி அவள் ஒல்லியான பையன் யாராவது இருக்கிறானா என்று தேடினாள்.

"அக்கா" என்றது அந்த மெல்லிய குரல்.

ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், பஞ்சு மாதிரி வெளுத்த தலை. அறுபத்திரண்டு வயசு, மூன்று பேரப்பிள்ளைகள். காத்தக்காவுக்கு ஐம்பத்தொன்று.

"ஐயோ, நான் இத்தனை வருஷமா உங்களைத் தம்பின்னு..."

"தயவு செஞ்சு மாத்திடாதீங்க" என்றார் அவர். "வீட்ல எல்லாரும் என்னைத் தாத்தாங்கறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை நீங்க போன்ல தம்பின்னு கூப்பிடறதுதான் எனக்கு ஆறுதல்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சரக்குக் கூடத்துக்குப் போனார்கள். அவள் விமானத்திலிருந்து வெளியே வர முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆனது. மீன்கள் வெளியே வர மூன்று மணி நேரம். நீள பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டபடி, கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். சோதனை அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமைசாலி. பட்டியலில் மீன் வகைகள் வரிசையாக இருந்தன. பெட்டிகளின் மேல் ஒன்று முதல் அறுபது வரை எண்கள் மட்டும்தான் இருந்தன. எந்த எண்ணில் எந்த மீன் என்று அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த எண்களைக் கறுப்பு மையில் அழகாக எழுதியது காத்தக்காதான்.

கண்ணாடித் தடுப்பின் சின்ன ஜன்னலுக்குப் போய், கிடங்குக்காரரை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டாள். "மேடம், பெட்டி மேல மீன் பேரையும் எழுதி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கலர் ஒட்டினா உங்களுக்கு வேலை கொறையுமா?"

அந்தப் பெண்மணி மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு நாலு வருஷமா உக்காந்திருக்கேன்மா" என்றார்.

கிடங்குக்குப் போகும்போது அங்கே இரவு இன்னும் முழுசாக வரவில்லை. உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். விளக்குகளைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். இருட்டிலிருந்து வரும் மீன்களுக்குச் சட்டென்று வெளிச்சம் ஆகாது. பெட்டிகளைத் திறந்து, பைகளைக் கட்டோடு அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும்.

கால் மணி நேரம் போனதும் கிடங்குக்காரர் ஒதுங்கி நின்றார். "நீங்களே அவுத்து விடுங்கக்கா."

காத்தக்கா கை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனை லட்சம் பை கட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றையாவது அவிழ்த்ததில்லை. அவிழ்ப்பதைப் பார்த்ததும் இல்லை. அவள் சுற்றியது அவளுக்கே கெட்டியாகத்தான் இருந்தது. நகத்தை விட்டு நெம்பி, ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். காற்று புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. காலையில் அவள் ஊரில், அவள் கொட்டகையில் அடைத்த காற்று. பையை மெல்லச் சாய்த்தாள்.

மீன்கள் வெளியே வந்தன. வெளிறிப்போய், கண்ணாடித் துண்டுகள் போல நிறமே இல்லாமல் அடியில் கும்பலாக நின்றன. அவளுக்குத் திக்கென்றது.

"ஏன் தம்பி, இப்படிச் சோகை பிடிச்ச மாதிரி?"

"பயணக் களைப்புக்கா. இப்படித்தான் வரும். கொஞ்ச நேரம் பாருங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஒன்று கும்பலை விட்டுப் பிரிந்து மேலே வந்தது. பின்னால் நாலைந்து. பிறகு, எந்த நொடியில் என்று சொல்ல முடியாமல், அவற்றின் விலாவில் நீலக் கோடு வந்தது. வாலுக்குப் பக்கத்தில் சிவப்பு முதலில் கீறல் மாதிரி எழுந்து, மெதுமெதுவாக ஏறியது. அரை மணி நேரத்தில் தொட்டி முழுக்கச் சிவப்பும் நீலமும் பளிச் பளிச்சென்று திரும்பின. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி துடைத்துக்கொண்டாள். கிடங்குக்காரர் பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

எல்லாப் பைகளையும் அவிழ்த்த பிறகு அவர் எதிரில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைக் காதில் வைத்த மாதிரி கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, ஆறு."

"எந்தப் பெட்டி, தம்பி?" என்றாள் அவள், தானும் கையைக் காதில் வைத்துக்கொண்டு.

இரண்டு நாள் அங்கே இருந்தாள். திரும்பும்போது நாலு மணி ஐந்து நிமிஷம்தான் பிடித்தது. அதே தூரம், எப்படி அரை மணி நேரம் குறைந்தது என்று வீட்டுக்காரர் விசாரணைக் கமிஷன் வைத்தார். மேலே காற்று கிழக்குப் பார்த்து அடிக்கிறதாம், வரும்போது அதுவே முதுகில் கை வைத்துத் தள்ளுகிறதாம் என்று விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டு வந்ததைச் சொன்னாள். எந்தக் காற்றானாலும் இவள் பேச்சைத்தான் கேட்கும் போல என்றார் அவர்.

மருமகள் நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கட்டு முதல் அவிழ்ப்பு வரை பதினாறு மணி நேரம்; அதில் வானத்தில் நாலரை. அடுத்த வாரத்திலிருந்து கட்டுவது எட்டு மணிக்கு ஆரம்பித்தது. வேன் பத்து மணிக்குக் கொட்டகையை விட்டு நேரே கவுன்டருக்குப் போனது. பெட்டிகளின் மேல் மஞ்சள், பச்சை, ஊதா என்று காகிதங்கள் ஏறின. பதினாறு மணி நேரம் பதினொன்றரை ஆனது. காத்தக்கா பையைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டு போடலாம் மேடம். அம்பத்தஞ்சு மட்டும் கேக்காதீங்க" என்றாள். மருமகள் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. மதிய இடைவேளையில் காத்தக்கா, சிவப்பு எப்படித் திரும்பி வந்தது என்று கொட்டகைப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வாசலில் நின்று கேட்ட மருமகள் அன்று சாயங்காலமே மாமனாரிடம் பேசினாள். கட்டுகிறவர்களில் வருஷத்துக்கு ஒருவர் பெட்டிகளோடு போய் அவிழ்த்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. யார் முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். டேப் ஒட்டும் பெண்ணின் பெயர் வந்தது.

அவள் அப்படியே மேஜைமேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஜன்னல் சீட்டு வேணும்னு முன்னாலேயே சொல்லி வைக்கணுமா, இல்ல முதல்ல போய்த் துண்டு போட்டுப் பிடிக்கணுமா?"